போர்ட் மாறாவிட்டாலும் பெயர் மாறும்

"தராசு, பிரிண்டர் போன்றவற்றை இணைக்கும் யூஎஸ்பி-சீரியல் கேபிளை ஒரே யூஎஸ்பி போர்ட்டில் செருகினால், லினக்ஸ் அதற்கு வைக்கும் டிடிஒய்யூஎஸ்பி0 (ttyUSB0) என்ற பெயர் மாறவே மாறாது" என்று நீங்கள் சொன்னது சரியில்லை அண்ணே. அந்த எண் போர்ட்டுக்கு உரியது இல்லை; கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எந்தக் கேபிளை முதலில் கண்டுகொள்கிறதோ அதற்குத்தான் 0. குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடையில் கரண்ட் போய் வந்ததும் எலக்ட்ரானிக் தராசின் பெயர் பில் பிரிண்டருக்குப் போய்விட்டது, எடை வரவே இல்லை. பாவம், ரப்பர் பால் வெட்டுக்காரர்கள் ஷீட்டோடு காத்து நின்றார்கள்.

யூடெவ் (udev, லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் வசதி) விதி எழுதி, கேபிளின் சீரியல் எண்ணை வைத்து நிலையான ஒரு சிம்லிங்க் (அந்தச் சாதனத்தைச் சுட்டும் மாற்றுப் பெயர்) கொடுங்கள். சிஎச்340 சிப் கேபிள்களில் பெரும்பாலும் சீரியல் எண் இருக்காது. அப்போதுதான் போர்ட் கைகொடுக்கும்: /டெவ்/சீரியல்/பை-பாத் (/dev/serial/by-path) கீழே, போர்ட்டை வைத்து அமையும் பெயரை எடுங்கள். அப்புறம் கேபிளை இடம் மாற்றாதீர்கள்.