குலுக்கலில் ஒரு கோடை

ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் ஊர் சுற்றிக்கொண்டே பழம் பறித்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கலாம் என்று ஆசைப்பட்டேன். அது ஒரு குற்றமா?

அதற்கென்றே 462 என்று ஒரு விசா இருக்கிறது. இந்தியர்களுக்கு அது வருடத்துக்கு 1,000 பேருக்குத்தான். நூற்று நாற்பது கோடிப் பேரில் ஆயிரம்! அதுவும் குலுக்கல். குலுக்குச் சீட்டில்கூட என்றாவது ஒருநாள் நம் பெயர் வந்தே தீரும். இங்கே 25 டாலர் கட்டிப் பெயரைப் போட்டுவிட்டு மின்னஞ்சலையே வெறித்துப் பார்க்க வேண்டியதுதான். வராவிட்டால்? பணம் போனது போனதுதான்.

பெயர் விழுந்தாலும் சும்மா விடுவார்களா? கல்லூரிச் சான்றிதழ், ஆங்கிலத் தேர்வு, வங்கியில் 5,000 டாலர். அவ்வளவு பணம் இருந்தால் நான் ஏன் ஐயா ஆரஞ்சு பறிக்கப் போகிறேன்?

பிரிட்டிஷ்காரருக்கோ இதே மாதிரி இன்னொரு விசா, 417. குலுக்கல் கிடையாது, பட்டமும் கேட்பதில்லை, வயது வரம்பு 35. நமக்கு 30. ஐந்து வருடம் முன்னாலேயே நாம் கிழமாகிவிடுகிறோமோ?

வீட்டில் அம்மா வேறு தினமும், "என்னடா, சீட்டு விழுந்துச்சா?" என்கிறாள். இல்லை அம்மா. அடுத்த மாதம் எனக்கு 31.