நான் பிள்ளைகளுக்காக வேலையை விடவில்லை

ஞாயிற்றுக்கிழமை விழாவில் என்னைப் பாராட்டிய காணொளியைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டீர்கள். பலர் எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள். மேடையில் பேசியவர் வயதில் மூத்தவர், எங்கள் குடும்பத்துக்கு வேண்டியவர் என்பதால் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் "தாய்மையின் தியாகம்" என்ற தலைப்போடு அது வட்ஸ்அப் குழுமங்களில் சுற்றத் தொடங்கிய பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

"பிள்ளைகளுக்காக நல்ல உத்தியோகத்தையே உதறிவிட்டு, வீட்டோடு இருந்து, கிடைக்கிற நேரத்தில் தையலும் செய்கிற ஒரு தாய்." என்னைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான். மண்டபம் கைதட்டியது. பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிவாங்கியை என்னிடம் யாரும் நீட்டவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

நான் பிள்ளைகளுக்காக வேலையை விடவில்லை. நடன உடை தயாரிக்கிற தொழிலொன்றை எனக்கென்று கட்டியெழுப்ப வேண்டும் என்பதற்காக விட்டேன். வீட்டோடும் நான் இல்லை. காலையில் கடையைத் திறந்தால் இரவுதான் வீடு. கிடைக்கிற நேரத்தில் தைப்பவளும் இல்லை. துணி வெட்டுவது, விலை பேசுவது, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, கணக்கு முடிப்பது என்று முழு நாளும் போய்விடுகிறது. இயந்திரத்தின் முன் உட்காருவதே இப்போது அரிது.

பத்து வருடங்களுக்கு மேலாகக் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவள் நான். மகன் பிறந்தபோது 84 நாள் பிரசவ விடுமுறை முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். பிள்ளைகளுக்காக விடுவதென்றால் அன்றைக்கே விட்டிருப்பேன். அன்று விடவில்லை. மகள் நடன வகுப்புக்குப் போகத் தொடங்கி, வெள்ளவத்தையில் நடன உடைக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் விட்டேன். கோடை விடுமுறையில் கனடாவிலும் லண்டனிலும் அரங்கேற்றம் வைக்கிற குடும்பங்கள் பங்குனி மாதத்திலேயே இங்கே அளவுகளை அனுப்பத் தொடங்கிவிடும். உடையின் முன்பக்கத்து விசிறி மடிப்பு கொஞ்சம் பிசகினாலும் பிள்ளை முழங்காலை மடித்து அரைமண்டியில் நிற்கும்போது அது சரியாக விரியாது. ஒரு பட்டுச் சேலையை எங்கே வெட்டினால் அதன் கரை முழுதாக விசிறியில் வந்து விழும் என்பது ஒரு தனி வித்தை. சனிக்கிழமைகளில் ஒரு மூத்த தையற்காரரிடம் போய் அதைக் கற்றேன். கற்றுக்கொண்டிருக்கும்போதே செலவையும் வரவையும் எழுதிப் பார்த்தேன். இலாபம் தெரிந்தது. இறங்கினேன். இதில் தியாகம் எங்கே இருக்கிறது? எனக்கு ஆசை இருந்தது. ஆசைப்பட்டதைச் செய்தேன்.

"அவர் உங்களைப் புகழத்தானே செய்தார், அதற்கும் கோபமா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் புகழ்ச்சிக்கு நான் காசாக விலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். "சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே தங்கச்சி, கொஞ்சம் குறையுங்கள்" என்று என்னிடம் பேரம் பேசுகிறவர், கொழும்பின் பிரதான வீதியான காலி வீதியில் ஓர் ஆண் நடத்துகிற கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிறார். ஒரு வங்கியில் கடன் கேட்டுப் போனேன். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவையும் வரவு செலவு அறிக்கையையும் மேசையில் வைத்தேன். அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கணவரின் சம்பளப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருத்தி தயாரித்த அறிக்கை அது! கடைசியில் காப்புகளை அடகு வைத்துத்தான், துணியின் ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லொக் இயந்திரம் வாங்கினேன்.

சட்டத்தின் எண்ணமும் இதுதான். ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியம் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஒரு பெண் திருமணத்தின் காரணமாக வேலையிலிருந்து விலகினால் அங்கே இருக்கிற தன் பணத்தைக் கேட்டுப் பெறலாம். தொழில் தொடங்குவதற்காக விலகினால் 50 வயது வரும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் ஒரு பகுதியை முன்கூட்டியே எடுக்க வழி வைத்திருக்கிறார்கள், கடை போடுவதற்கு வைக்கவில்லை. மாதாமாதம் என் சம்பளத்தில் 8 சதவீதமாக வெட்டிச் சேர்த்த என் பணம்! மனைவியாகப் போனால் தருவார்களாம், முதலாளியாகப் போனால் தர மாட்டார்களாம். எனக்குக் கைகொடுத்தது பணிக்கொடை மட்டுமே. ஐந்து வருடம் வேலை செய்தவர்களுக்கு வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் என்று கிடைக்கிற அந்தத் தொகையில்தான் முதல் இயந்திரங்கள் வந்தன.

விலகிய சில மாதங்களில், இலங்கையின் பொருளாதார நெருக்கடியோடு 2022 வந்துவிட்டது. அதைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, எல்லோரும்தான் வரிசையில் நின்றோம். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை போனது. நள்ளிரவில் மின்சாரம் வந்தால் நள்ளிரவில் தைத்தோம். 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்த டொலர் 360ஐ எட்டியபோது புறக்கோட்டையில் பட்டுத் துணியைத் தொட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்த வருடம் கடை மூடாமல் நின்றதற்குக் காரணம், வெளிநாட்டு ஓடர்களை முதலில் பிடித்து, பவுணிலும் டொலரிலும் காசு வரும்படி நான் பார்த்துக்கொண்டதுதான். அது ஒரு வியாபார முடிவு. யோசித்து, பயந்து, தூக்கம் கெட்டு எடுத்த முடிவு. மேடையில் அதைப் பற்றி ஒரு வரி வந்ததா?

"கணவரின் சம்பளம் இருந்த துணிவில்தானே இதெல்லாம்?" என்று இன்னொரு கேள்வி வரும். இருந்தது. தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிற ஒரு பெண்ணுக்கு இந்தத் துணிவு அவ்வளவு எளிதாக வராது என்பதும் உண்மை. ஆனால் மனைவியின் மாதச் சம்பளத்தை நம்பிக் கடை போட்ட ஆண்கள் இந்தக் கொழும்பில் எத்தனை பேர்? என் அப்பாவே அப்படித்தான். கந்தோர் வேலையை விட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனையில் எழுதுபொருள் கடை திறந்தார். கடை காலூன்றும்வரை அம்மாவின் ஆசிரியச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. எங்கள் பாடசாலைக் கூட்டங்களுக்கு அப்பா வந்ததாக எனக்கு நினைவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, என் கைக்கு வியாபாரம் வந்ததே அவர் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான். ஆனால் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்காக வேலையை விட்டார் என்று யாரும் பொன்னாடை போர்த்தவும் இல்லை. கெட்டிக்காரர் என்றார்கள். எனக்கும் அந்தப் பெயர்தான் வேண்டும். நான் நட்டப்பட்டால், இவளுக்கு வியாபாரம் தெரியவில்லை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெயர், இந்தப் பழி இரண்டையும் பறித்துவிட்டுத் தாய் என்ற நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள்.

"அப்படியானால் பிள்ளைகள் உங்களுக்கு முக்கியமில்லையா?" இதைக் கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. என் பிள்ளைகள் எனக்கு யார் என்பதை முகநூலில் நிரூபிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் காணொளியை என் மகளும் பார்த்தாள். அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி அனுப்பியிருக்கிறாள். இரவு சாப்பாட்டு நேரத்தில் தட்டைப் பார்த்தபடி கேட்டாள்: "அம்மா, எங்களால்தான் நீங்கள் வேலையை விட வேண்டி வந்ததா?"

புகழ்ந்தவர் இதை நினைத்துப் பார்த்தாரா? கைதட்டியவர்கள் நினைத்தீர்களா? என் பிள்ளை ஒருநாளும் வாங்காத கடனை அவள் தலையில் ஏற்றி வைத்துவிட்டீர்கள். அம்மா எதையோ இழந்தாள், அதற்கு நான்தான் காரணம் என்று அவள் நம்ப வேண்டுமா? நாளைக்கு அவள் குறைந்த புள்ளி எடுத்தால், நடனத்தை நிறுத்தினால், தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டினால், "உனக்காக உன் அம்மா வேலையையே விட்டாள்" என்று சொல்லக் காட்டுவதற்கு உங்களிடம் ஒரு காணொளி இருக்கிறது. நான் எதையும் இழக்கவில்லை என்று அன்றிரவு அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. எனக்கு ஆத்திரம் தீராததற்குக் காரணம் அதுதான்.

விழாக் குழுவினர் சிறப்பு மலருக்கு என் படத்தைக் கேட்டிருக்கிறார்கள். தருகிறேன். படத்துக்குக் கீழே என் பெயரையும் கடையின் பெயரையும் போட்டு, நடன உடைத் தயாரிப்பாளர் என்று எழுதுங்கள். இடமிருந்தால், என்னிடம் வேலை செய்கிற பெண்களுக்கு முதலாளியின் பங்காக 12 சதவீதம் சேமலாப நிதியத்துக்கும் 3 சதவீதம் ஊழியர்களின் இன்னொரு சேமிப்பான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கும் நான் மாதம் தவறாமல் கட்டுகிறேன் என்பதையும் சேருங்கள். என் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அப்படிப் போட முடியாதென்றால் என் படமும் வேண்டாம்.