உப்புத் தண்ணி முடி வேரைத் தொடாது
"காட்பாடி போர் தண்ணியாலதான் வழுக்கை, ஷவர் ஃபில்டர் மாட்டினா நின்னுடும்"னு பதிவு போட்டிருக்கீங்க. தப்புங்க. உப்புத் தண்ணியில இருக்கிற கால்சியம் முடிமேல படிஞ்சு சொரசொரப்பாக்கும், பாதியில உடைய வைக்கும். வேருக்குள்ள போகாது. அந்த ஃபில்டரும் குளோரினைக் குறைக்குமே தவிர கடினத்தன்மையை, அதாவது அந்தக் கால்சியத்தை, எடுக்காது. வரன் பார்க்கிற நேரத்துல முடி கொட்டுதேன்னு நொந்துபோய் இருக்கிற பிள்ளைங்களை இப்படிக் குழாய் பின்னாடி அலைய விடாதீங்க.

சீப்புல வந்த முடியைப் பாருங்க. ஒரு முனையில வெள்ளையாச் சின்னக் குமிழ் இருந்தா வேரோட கொட்டினது. டெங்கு, டைபாய்டு, பிரசவம் ஆகி 2, 3 மாசத்துல கொத்தாக் கொட்டும்; பெரும்பாலும் 6 மாசத்துல தானே அடங்கும். ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு டெஸ்ட் பண்ணிடுங்க. ஆம்பளைங்களுக்கு நெற்றியோரமும் உச்சியும் மெலிஞ்சா பரம்பரை வழுக்கையா இருக்கலாம், தோல் டாக்டரைப் பாருங்க. அவர் மினாக்சிடில் (முடி வளர்ச்சிக்கான மருந்து) குடுத்தா முதல் சில வாரம் கூடுதலாவே கொட்டலாம். பயந்து நிறுத்திடாதீங்க, பலன் தெரிய 4 மாசமாவது ஆகும்.