எலக்ட்ரீஷியனா, வெல்டரா?

அக்கா மகன் பத்தாவது முடித்துவிட்டு ஐடிஐ விண்ணப்பத்தோடு வந்து நிற்கிறான். "எலக்ட்ரீஷியன் எடுக்கட்டுமா, வெல்டர் எடுக்கட்டுமா மாமா?" திருச்சி திருவெறும்பூர் பக்கம் பதினெட்டு வருசமா பாய்லர் பைப்புக்கு வெல்டிங் ராடு பிடிக்கிறவன் நான், வெல்டர்தான்டா என்பேன் என்று நினைத்திருப்பான். எலக்ட்ரீஷியன் எடு என்றேன். அக்காவே ஒரு மாதிரி பார்த்தாள்.

சொந்தக்காரர்கள் கணக்கு வேறு. வெல்டர் ஒரு வருசப் படிப்பு, எட்டாவது இருந்தாலே போதும், சீக்கிரம் கையில் காசு. எலக்ட்ரீஷியன் இரண்டு வருசம். சரிதான். 6ஜி என்ற வெல்டிங் டெஸ்டில் தேறியவன், ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் வேலைக்கு வளைகுடாவுக்குப் போனால் நல்லாவே சம்பாதிக்கலாம், மறுக்கவில்லை. 6ஜி என்றால் பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் மாட்டிவிடுவார்கள், பைப்பு திரும்பாது, நாம்தான் குனிந்து, ஒருக்களித்து, கீழிருந்து மேலே அதைச் சுற்றி வர வேண்டும். அடி வரிசையான ரூட்டை டிக் வெல்டிங்கில் போட்டு, மேலே 7018 என்கிற வெல்டிங் ராடில் நிரப்பி, அப்புறம் உள்ளே குறை இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரேக்குக் காத்திருக்க வேண்டும். பிலிம் சுத்தமாக வந்தால் அன்றைக்கு நாம்தான் ராஜா.

ஆனால் எத்தனை நாளைக்கு? அந்த முறையில் ஆறு மாதம் வெல்டிங் பண்ணாமல் இருந்தால் ஏஎஸ்எம்இ என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் விதிப்படி தகுதி காலாவதி. கம்பெனி மாறினால் பெரும்பாலும் மறுபடி டெஸ்ட். போன வருசம் ஒரு இடத்தில் டெஸ்டுக்குப் போனேன், பக்கத்து பூத்தில் மீசைகூட சரியாக முளைக்காத பையன். அவன் பாஸ், எனக்கு ரிப்பேர், அதாவது வெல்டிங்கில் குறை. அன்றைக்கு ராத்திரி வேறு, வெல்டிங் ஆர்க் வெளிச்சம் அடித்து, கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி தூக்கமே இல்லை. வெல்டிங் புகை புற்றுநோய் வரவைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. நம் ஷெட்டுகளில் புகையை உறிஞ்சும் குழாய் எத்தனை இடத்தில் இருக்கிறது, சொல்லுங்கள்.

எலக்ட்ரீஷியனுக்கு உள்ளூரிலேயே பிழைப்பு உண்டு. வயர்மேன் லைசென்ஸும் வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. 2024-ல் வந்த மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்றதும் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டு மாடிகளில் சோலார் பேனல் ஏறிவிட்டது, இன்வெர்ட்டர் மாட்டத் தெரிந்தவனைத்தான் தேடுகிறார்கள். ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. மெயினை ஆஃப் பண்ணிட்டேன் என்று யார் சொன்னாலும் நீயே டெஸ்ட் பண்ணிப் பார்க்காமல் கை வைக்காதே என்று அவனிடம் பத்து தடவை சொல்லியிருக்கிறேன்.

"அப்போ நீங்க ஏன் மாமா இதை விடல?" என்றான். பதில் சொல்லாமல் ஷெட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு ஷீல்டையும் ராடையும் கொடுத்தேன், அதுதான் நான் செய்த தப்பு. முதல் ராடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவதும். ஒரு மணி நேரத்தில் நாலு அங்குலத்துக்கு நேராக ஒரு கோடு ஓட்டி, கசடைத் தட்டி எடுத்து, விரலால் தடவிப் பார்த்தான்.

இப்போது வெல்டர்தான் வேணும் என்கிறான். அக்கா என்னோடு பேசுவதில்லை.