எகிப்து பூனை மம்மி எல்லாமே செல்லப் பூனை இல்லங்க

எகிப்துல வீட்டுப் பூனை வயசாகி செத்தாதான் மம்மி பண்ணுவாங்க, பூனைய யாரும் கொல்லவே மாட்டாங்கன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது, பாதிதான் உண்மை. வீட்டுப் பூனை செத்தா புருவத்த மழிச்சுக்குவாங்கன்னு பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிருக்காரு, இளவரசர் துட்மோஸ் தன் பூனைக்கு சுண்ணாம்புக் கல்லுல பெட்டியே செஞ்சாரு, அதெல்லாம் சரி. ஆனா கெடைச்ச மம்மில பெரும்பாலானது பூனைத் தலை வெச்ச பாஸ்டெட் தெய்வத்துக்கு பக்தருங்க காணிக்கையா வெச்சது. அதுக்குன்னே பூனை வளர்த்து, நெறைய குட்டிங்கள ஒரு வயசு ஆகுறதுக்குள்ள கழுத்த முறிச்சு கொன்னுருக்காங்க, எக்ஸ்ரே எடுத்தா அந்த முறிஞ்ச கழுத்து எலும்பு அப்படியே தெரியுது. சிலத ஸ்கேன் பண்ணா உள்ள பூனையே இல்ல, மண்ணும் ரெண்டு எலும்பும்தான், அப்பவே டூப்ளிகேட்! 1890ல சுமார் 1,80,000 பூனை மம்மி இங்கிலாந்துல இருக்குற லிவர்பூலுக்கு கப்பல்ல போச்சு, எதுக்குன்னு நெனைக்கிறீங்க, வயலுக்கு உரம் போட.