2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றியே ஆக வேண்டுமா?

2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய காரில், எஞ்சின் புகையிலுள்ள நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கட்டாயம் மாற்ற வேண்டும் என்று பினாங்குத் தமிழர்களிடையே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றிவரும் தகவல் தவறானது. அதனுள் தேன்கூடு போன்ற பீங்கான் கூட்டின்மீது பூசப்பட்ட பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை அந்த வேதிவினையைத் தூண்டுகின்றனவே தவிர, அதில் தாமே செலவாகிப் போவதில்லை. ஆகவே ஆயில் ஃபில்டரைப் போல இத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்ற கெடு இதற்குக் கிடையாது. அதைக் கெடுப்பவை பெரும்பாலும் எரியறைக்குள் கசியும் எஞ்சின் எண்ணெயும், பிளக் சரியாகப் பொறி தராததால் எரியாமல் வெளியேறி, கன்வெர்ட்டருக்குள் எரிந்து கூட்டையே உருக்கிவிடும் பெட்ரோலும்தான். மூலக்கோளாறைத் தீர்க்காமல் பொருத்தப்படும் புதியதும் அதே கதியை அடையும்.

கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைந்துவிட்டதாகக் காரின் கணினி காட்டும் பி0420 (P0420) என்ற பிழைக்குறியீடு ஒரு சந்தேகமே அன்றித் தீர்ப்பன்று. சூடேறிய எஞ்சினில், கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சாதாரண வகை ஆக்சிஜன் சென்சாரின் அளவு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே துள்ளும்போது, அதற்குப் பின்னால் உள்ள சென்சாரின் அளவு ஏறக்குறைய அசையாமல் நின்றால், கன்வெர்ட்டர் வேலை செய்கிறது என்று பொருள். பின்னதும் அதேபோல் துள்ளினால், முதலில் புகைக்குழாயில் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். ஆறிய கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியால் தட்டும்போது உள்ளே கலகலவென்று கேட்டால், கூடு உடைந்திருக்கக்கூடும்; அப்போது மாற்றுவது நியாயம். கழற்றிய பழையதிலும் விலையுயர்ந்த உலோகம் இருப்பதால், அதைப் பட்டறையில் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள்.