சம்பளத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

பல வருடம் இருந்த வேலையை விட்டுவிட்டு, சம்பளம் கூடுதலாகக் கிடைத்தால் புது கம்பெனிக்குத் தயங்காமல் போகலாம் என்கிறார், வேலை மாறுவது பற்றிக் கட்டுரை எழுதியவர். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மலேசியாவின் பினாங்கில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இருக்கும் நம்மவர்கள் பலருக்குச் சேவைக் காலம்தான் பெரிய பாதுகாப்பு. 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி 5 ஆண்டு முடித்தவருக்கு வருடத்துக்குக் குறைந்தது 16 நாள் விடுமுறை உண்டு. புது இடத்தில் சட்டம் உறுதி தருவது 8 நாள்தான். ஆட்குறைப்பு வந்தால், 5 ஆண்டு முடித்து மாதம் 4,000 ரிங்கிட் வரை வாங்குபவருக்கு ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 20 நாள் சம்பளம் இழப்பீடாகக் கிடைக்கும். நாமாக விலகினால் அதுவும் போச்சு, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலையிழப்பு உதவியும் கிடையாது.

அப்புறம் அந்த ஆஃபர் கடிதம். என் மைத்துனர் கொண்டுவந்து காட்டியதில் மொத்தத் தொகை கண்ணைப் பறித்தது. உள்ளே பார்த்தால் அடிப்படைச் சம்பளம் பழைய இடத்தைவிடக் குறைவு, மிச்சமெல்லாம் ஓவர்டைம் கணக்கு. ஓவர்டைமுக்கு ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி, கிடையாது. முதலாளி போடும் 13 விழுக்காடும் அந்தப் பணத்துக்குச் சேராது. நாற்பதைத் தாண்டியவருக்கு இது சின்ன விஷயமா? அவர் பேசி அடிப்படையை ஏற்றிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். இப்போது அங்கே நன்றாகத்தான் இருக்கிறார்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விடுமுறை, தகுதிகாண் காலம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு பழைய இடத்தில் நோட்டீஸ் கொடுங்கள். ஒப்பந்தத்தில் வேறு கணக்கு இல்லையென்றால், 5 ஆண்டு கடந்தவர் 8 வாரம் தர வேண்டும். அதைப் புது கம்பெனியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.